‘வேலூர் கணக்கு’ ஆப்பின் பெயரை மாற்றலாமா, வேண்டாமா? உங்கள் யோசனை தேவை

கோட்டை_அகழி எழுதியது:

வணக்கம். ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிற சின்ன யூனிட்டுகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிப் பராமரித்து வரும் ‘வேலூர் கணக்கு’ என்ற இலவச ஆப்பை இங்கே சிலர் பயன்படுத்தியிருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் வெட்டிய தோல், வேம்ப் (முன்பகுதி) தனி, குவார்ட்டர் (பின்பகுதி) தனி, லைனிங் தனி என்று கட்டுக் கட்டாக யூனிட்டுக்கு வரும். யார் எத்தனை ஜோடிக்கு எடுத்துப் போனார்கள், எத்தனை தைத்துக் கொடுத்தார்கள், ரிஜெக்ட் எத்தனை, அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தம், வாரக் கடைசியில் கைக்கு எவ்வளவு, இதையெல்லாம் ஆப்பில் போட்டால் சின்ன புளூடூத் பிரின்டரில் ஒரு சீட்டு அடித்துக் கொடுத்துவிடும். வீட்டில் உட்கார்ந்து கை தையல் போடுகிற பெண்களுக்கு அந்தச் சீட்டுதான் முக்கியம். நோட்டில் எழுதி, அடித்து, திருத்தி, “நான் நாப்பது ஜோடி குடுத்தேன், நீ முப்பத்தாறுன்னு எழுதிக்கீறே” என்று வாரா வாரம் நடந்த சண்டை பல யூனிட்டுகளில் நின்றுபோயிருக்கிறது. எங்களுக்கு இதில் ஒரு பைசா வருமானம் இல்லை, ஆனால் இதை விட மனசு வராததற்கு அதுதான் காரணம்.

இப்போது பிரச்சினை பெயரில். ஆரம்பித்த காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம். பெயர் சரியாக இருந்தது. 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன, மேல்விஷாரமும் ஆற்காடும் ராணிப்பேட்டைக்கு. எங்களைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பகுதி ஆம்பூர்க்காரர்கள். புதிதாக யாரிடம் சொன்னாலும் “அது வேலூருக்குத்தானே, எங்களுக்கு எப்படி?” என்று கேட்கிறார்கள். ஏதோ அரசாங்க ஆப் என்று நினைத்து, கலெக்டர் ஆபீஸில் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. இதற்கு நடுவில் குடியாத்தம் பக்கம் பீடி சுற்றக் கொடுக்கிற ஒருவர் ஜோடி என்கிற இடத்தில் ஆயிரம் என்று போட்டு அவராகவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். திண்டுக்கல்லிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

இதுவரைக்கும் என்றால் பொறுத்துப் போகலாம். ஆனால் சில மாதங்களாக ப்ளே ஸ்டோரில் இதே பெயரில், எங்கள் ஐகான் நிறத்திலேயே, இன்னொரு ஆப் இருக்கிறது. திறந்தால் விளம்பரம், எதைத் தொட்டாலும் விளம்பரம். யார் போட்டது என்று தெரியவில்லை. ஆம்பூரில் ஒரு யூனிட்டில் புது போன் வாங்கி, தேடி, முதலில் வந்ததை இறக்கி, ஒரு வாரக் கணக்கை முழுவதும் அதில் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அது திறக்கவே இல்லை. சம்பளம் வாங்க வந்தவர்கள் வாசலில் நின்றுகொண்டிருக்க, அந்த அண்ணன் எனக்குப் போன் போட்டு, “இன்னா தம்பி, இது உங்க ஆப்பா வேற ஆளோடதா?” என்று கேட்டார். அந்த வாரம் எல்லோருக்கும் வாய்க்கணக்கில்தான் கொடுத்தார்.

எங்கள் குழுவில் பாதிப் பேர் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். ‘பாலாறு’ என்று வைக்கலாம் என்பது ஒரு பேச்சு. மூன்று மாவட்டத்துக்கும் பொதுவாக ‘வட ஆற்காடு கணக்கு’ என்று வைக்கலாம் என்று எங்களில் மூத்தவர் ஒருவர் சொல்கிறார். ‘ஜோடி’ என்றும் ஒரு பெயர் வந்தது, தேடினால் கல்யாண ஆப்பாகத்தான் வரும் என்பதால் அதை அப்போதே விட்டுவிட்டோம். மாற்றலாமா? மாற்றினால் எதெல்லாம் உடையும்? இப்படி ஒன்றைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


வேலப்பாடி_டெபியன் எழுதியது:

ப்ரோ, மாற்றலாமா என்பதற்கு முன்னால் எதை மாற்றப் போகிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ‘வேலூர் கணக்கு’ என்பது குறைந்தது அரை டஜன் இடத்தில் இருக்கும், அத்தனையையும் ஒரே நாளில் மாற்றப் போனால்தான் வம்பு.

முக்கியமானது ஆப் ஐடி, அதாவது ஆப்பை ஸ்டோருக்கும் போனுக்கும் அடையாளம் காட்டும் உள்பெயர். ப்ளே ஸ்டோரில் ஒருமுறை வெளியிட்ட ஆப்புக்கு அந்த ஐடியை மாற்றவே முடியாது. வேறு ஐடி வைத்தால் அது வேறு ஆப், அவ்வளவுதான். அப்டேட் போகாது, ரேட்டிங் எல்லாம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், அதைவிட மோசம், பழைய ஆப் தன் சொந்த இடத்தில் வைத்திருக்கும் கணக்கைப் புது ஆப்பால் படிக்க முடியாது, ஆண்ட்ராய்டு விடாது. ஒவ்வொரு யூனிட்டிலும் பேக்கப் எடுத்து, புதியதை இறக்கி, ரீஸ்டோர் செய்யச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வாசலில் ஆள் நிற்கும் இடத்தில் இது நடக்கிற காரியமா? கே-9 மெயில் என்ற மின்னஞ்சல் ஆப்பின் கதையைப் பாருங்கள். 2022-ல் தண்டர்பேர்ட் என்ற இன்னொரு மின்னஞ்சல் திட்டத்தின் குடும்பத்தோடு சேர்ந்தது, 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்ட் என்று தனி ஆப்பாகவே வந்தது, கே-9 பெயரிலும் அதே நிரலைத் தொடர்ந்து வெளியிடுகிறார்கள். ஒரு பெரிய குழுவும் காசும் இருப்பதால் இரண்டையும் இழுத்துக்கொண்டு போக முடிகிறது. உங்களால் முடியாது. ஆகவே ஐடி அப்படியே இருக்கட்டும். லிங்கின் கடைசியில் தவிர அது யார் கண்ணுக்கும் தெரியாது. மேலே தெரிகிற பெயர், ஐகான் இரண்டையும் மாற்றினால் போதும், இப்போது பயன்படுத்துகிறவர்களுக்குச் சாதாரண அப்டேட்டாகவே போய்ச் சேரும். கையெழுத்துச் சாவி, அதாவது அப்டேட் நீங்கள் விட்டதுதான் என்று காட்டும் சாவி, மட்டும் பத்திரம், அது தொலைந்தால் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமே இருக்காது.

நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் களஞ்சியத்தின் பெயரை மாற்றுவது எளிது. பழைய முகவரிக்கு வருகிறவர்களை அதுவே புதியதற்குத் திருப்பிவிடும், குளோன் எடுத்து வைத்திருப்பவர்களுக்கும் வேலை செய்யும், இஷ்யூ, நட்சத்திரம் எதுவும் போகாது. ஆனால் பின்னால் எப்போதாவது அதே பழைய பெயரில் புதிதாக ஒன்றைத் திறந்தால் அந்தத் திருப்பல் போய்விடும், அதை மட்டும் செய்யக் கூடாது என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். அப்புறம் கிட்ஹப் பேஜஸ், அதாவது அங்கே வைக்கும் இணையப் பக்கத்தின் முகவரிக்கு இந்தத் திருப்பல் கிடையாது. உங்கள் உதவிப் பக்கம் அதில்தானே இருக்கிறது? யூனிட் சுவர்களில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கர் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் போகிறது. பக்கம் இருக்கும் களஞ்சியத்தைத் தொடாதீர்கள்.

சர்வர் பக்கத்துக்கு ஒரு பைதான் லைப்ரரி வைத்திருக்கிறீர்கள், அதையும் தொட வேண்டாம் என்பேன். பைதான் லைப்ரரிகளை வெளியிடும் பைபிஐ தளத்தில் பெயர் மாற்றம் என்று ஒன்று இல்லை, புதுப் பெயரில் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். பில்லோ என்று எல்லோரும் நிறுவுகிற படநூலகத்தை நிரலில் இன்றைக்கும் அதன் முன்னோடியான பிஐஎல் பெயரில்தான் அழைக்கிறோம், அதனால் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை. வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர் என்பது அசிங்கமில்லை.

போனில் பேக்கப் போகும் ஃபோல்டர் பழைய பெயரில் இருக்கும். புதுப் பதிப்பு அதையும் தேடிப் படிக்க வேண்டும், இதை விட்டுவிட்டால் மாற்றம் நடந்த மறுவாரமே உங்களுக்குப் போன் வரும். வாட்ஸ்ஆப் குழுவின் பெயரை மாற்றினால் அழைப்பு லிங்க் அப்படியே இருக்கும். டெலிகிராமில் பொதுப் பெயரை மாற்றினால் பழைய லிங்க் செத்துவிடும், அந்தப் பெயரை வேறு ஆள் எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு, ஏற்கெனவே போலி ஆப் இருக்கும் நிலையில் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.


பேரணாம்பட்டு_யூனிட் எழுதியது:

தம்பி, நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. உங்கள் ஆப்பை ஆரம்பத்திலிருந்து வைத்திருக்கிறேன், என் மகள்தான் இந்தப் பக்கத்தைக் காட்டினாள். பயன்படுத்துகிற ஆள் ஒருத்தராவது பேச வேண்டும் என்று எழுதுகிறேன்.

மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். என்னிடம் வேலை எடுத்துப் போகிறவர்கள் யாரும் ஆப்பைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்ப்பது சீட்டை. மேலே கருப்பாக ‘வேலூர் கணக்கு’ என்று வரும், அதற்குக் கீழே அவர்கள் பெயர், ஜோடி, ரேட், பிடித்தம், பாக்கி. முதலில் சீட்டு கொடுத்தபோது யாரும் நம்பவில்லை, மெஷினில் நான் எதையாவது மாற்றிவிடுவேன் என்று நினைத்தார்கள். சீட்டையும் வைத்துக்கொண்டு தனியாக நோட்டும் எழுதினார்கள். ரொம்ப நாள் கழித்து, இரண்டும் வாரா வாரம் ஒத்துப்போவதைப் பார்த்துத்தான் நோட்டை விட்டார்கள். ஒரு அம்மா ரேஷன் கார்டு கவருக்குள்ளேயே சீட்டுகளை மடித்து வைத்திருக்கிறார். மை மங்கிப்போகும் என்று சொன்னேன், பையனை விட்டு போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். மகளிர் குழுவில் லோன் கேட்டபோது, வாரம் எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்றதற்கு அந்தச் சீட்டைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை திடீரென்று சீட்டில் வேறு பெயர் வந்தால் என்ன கேட்பார்கள் தெரியுமா? கம்பெனி மாறிவிட்டதா, ரேட் மாறிவிட்டதா, பழைய பாக்கி வருமா வராதா. ஒவ்வொருத்தருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வேலூரில் உட்கார்ந்து பெயரை மாற்றிவிட்டுப் போய்விடுவீர்கள்.

மாவட்டம் பிரிந்ததை எல்லாம் இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த விளம்பர ஆப் விஷயம் எனக்கு இப்போதுதான் தெரியும். அது பயமாகத்தான் இருக்கிறது. பெயரை மாற்றாமல் அதை மட்டும் எடுக்கச் சொல்ல வழி இல்லையா?


கிண்டி_போகும்_பஸ் எழுதியது:

அக்கா கேட்டதற்கு நேராகவே வருகிறேன். வழி இருக்கிறது, ஆனால் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு அது கஷ்டம். டிரேட்மார்க் வேலைக்காக சென்னை கிண்டியில் இருக்கும் பதிவு அலுவலகம் சம்பந்தப்பட்ட காகிதங்களோடு புழங்குகிறவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். உங்கள் நிரல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருக்கிறது. அந்த ஆள் உங்கள் நிரலையே எடுத்து விளம்பரம் சேர்த்துப் போட்டிருந்தாலும், உரிமத்தின் நிபந்தனைகளை, அதாவது மூல நிரலைத் தருவது முதலானதை, நிறைவேற்றிவிட்டால் அதைத் தடுக்க முடியாது, அந்தச் சுதந்திரத்தை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். பெயர் அப்படி இல்லை. நிரலைக் கொடுப்பதால் பெயரையும் கொடுத்ததாக ஆகாது. மொசில்லாவின் பெயர் விதிகளோடு ஒத்துப்போகாததால் டெபியன் என்ற லினக்ஸ் திட்டம் 2006 முதல் 2016 வரை ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை ஐஸ்வீசல் என்ற பெயரில்தான் கொடுத்துக்கொண்டிருந்தது, நிரல் கிட்டத்தட்ட அதேதான். ஆகவே திறந்த மூல ஆப்புக்குப் போலியிடமிருந்து இருக்கிற ஒரே வேலி பெயர்.

அந்த வேலி உங்களிடம் வலுவாக இல்லை. 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 9-வது பிரிவு, ஊர் பெயரையோ பொருளின் தன்மையையோ மட்டும் சொல்கிற குறிகளைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. ‘வேலூர்’ ஊர், ‘கணக்கு’ ஆப் செய்கிற வேலை. இரண்டும் சேர்ந்து உங்களையே குறிக்கிறது என்று நீண்டகாலப் பயன்பாட்டைக் காட்டி நிரூபிக்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, ஆனால் அதற்கு ஆதாரம் மலைபோல் வேண்டும். ‘வட ஆற்காடு கணக்கு’ என்றாலும் இதே கதை. ‘பாலாறு’ ஆற்றின் பெயர், அதே பெயரில் கடையிலிருந்து ஹோட்டல் வரை எத்தனை இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பதிவு இல்லாவிட்டாலும் பாஸிங் ஆஃப், அதாவது தன் பொருளை உங்களுடையது போலக் காட்டுகிறார், என்று வழக்குப் போடலாம், முதலில் பயன்படுத்தியவருக்கு நம் சட்டத்தில் மரியாதை உண்டு. ஆனால் கோர்ட்டுக்குப் போக உங்களிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை. ப்ளே ஸ்டோரில் போலி ஆள்மாறாட்டம் என்று புகார் கொடுக்கலாம், இன்றைக்கே கொடுங்கள், பெயர் மாற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கையில் பதிவுச் சான்று இருந்தால் அந்தப் புகாருக்குக் கிடைக்கும் கவனமே வேறு.

செலவு பெரிதில்லை. தனி நபராக ஆன்லைனில் டிஎம்-ஏ என்ற விண்ணப்பப் படிவம் போட்டால் ஒரு வகுப்புக்கு 4500 ரூபாய். டிரஸ்ட் பெயரில் போட்டால் 9000. இறக்கிக்கொள்ளும் ஆப் என்பதால் 9-வது வகுப்பு, பின்னால் சர்வர் சேவையாகக் கொடுப்பதாக இருந்தால் 42. விண்ணப்பம் தேர்வாகி ஜர்னலில் வந்த பிறகு நான்கு மாதம் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு, 10 வருடத்துக்குச் செல்லும், அதன் பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். புதுப் பெயரை முடிவு செய்வதற்கு முன்னால் பதிவகத் தளத்தில் தேடிப் பாருங்கள், அது இலவசம், உச்சரிப்பில் ஒத்துப்போகிறவற்றையும் சேர்த்துத் தேட வேண்டும். பதிவு வரும்வரை டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது, பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவது குற்றம்.

யார் பெயரில் பதிவு செய்வது என்பதை உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். ஈதிரியல் என்ற நெட்வொர்க் கருவியை எழுதியவர் 2006-ல் வேலை மாறினார், பெயரின் உரிமை அவரிடம் இல்லாததால் அதே கருவியை வயர்ஷார்க் என்று வைத்துத் தொடர வேண்டியதாகிவிட்டது. நிரல் முழுக்க அவர் பக்கம், பெயர் மட்டும் இன்னொருவரிடம்.


சத்துவாச்சாரி_டீக்கடை எழுதியது:

மாற்றுங்கள். இப்போதே மாற்றுங்கள், ஒரே தடவை மாற்றுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் ஆரம்பத்தில் ஃபீனிக்ஸ். கணினி தொடங்க உதவும் பயாஸ் மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரோடு இடித்ததால் 2003-ல் ஃபயர்பேர்ட் ஆனது, அது ஏற்கெனவே இருந்த ஒரு டேட்டாபேஸ் திட்டத்தின் பெயர் என்பதால் அவர்கள் கோபப்பட்டார்கள், 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ். கிண்டி நண்பர் சொன்ன தேடலை முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் நடுவில் இருந்த பெயரே வந்திருக்காது. ஆனாலும் இத்தனையும் 1.0 பதிப்பு வருவதற்கு முன்னால் முடிந்துவிட்டது, அதனால்தான் யாருக்கும் அது நினைவில் இல்லை. பெர்ல் 6 என்ற நிரல் மொழியைப் பாருங்கள், அது பெர்லிலிருந்து வேறான மொழி என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் பெயரை இழுத்துக்கொண்டே போய் 2019-ல்தான் ராகு என்று மாற்றினார்கள், அதற்குள் பெர்லுக்கும் கெட்ட பெயர், இதற்கும் கெட்ட பெயர். நீங்கள் திண்டுக்கல்லுக்குப் போன பிறகு மாற்றுவதைவிட மூன்று மாவட்டத்துக்குள் இருக்கும்போதே மாற்றுவது சுலபம்.

பெயர் போனால் ஆள் போய்விடுவார்கள் என்ற பயம் தேவையில்லை. 2011-ல் ஆரக்கிளோடு பெயர்த் தகராறு வந்து, நிரலைத் தானாகச் சோதிக்கும் ஹட்சன் என்ற கருவி ஜென்கின்ஸ் ஆனபோது பெயர் ஒரு பக்கம் தங்கிவிட்டது, எழுதுகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் புதுப் பெயரோடு போனார்கள். இன்றைக்கு ஹட்சன் என்று யார் நிறுவுகிறார்கள்? சரி, எதிர்ப் பக்கமும் உண்டு, மறைக்கவில்லை. 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து லிப்ரே ஆபீஸ் பிரிந்து வந்தது, இன்றைக்கும் அதை வைத்துக்கொண்டே ‘ஓப்பன் ஆபீஸ்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பழைய பெயரும் தனியாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு டேட்டாபேஸின் பெயரைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று 1996-லேயே மாற்றினார்கள், எல்லோரும் போஸ்ட்கிரெஸ் என்றுதான் சொல்கிறார்கள், அவர்களும் அதை ஏற்றுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பழைய பெயர் வாயில் இருந்துவிட்டுப் போகட்டும். தேடினால் சரியான ஆப் கைக்கு வர வேண்டும், அதுதான் காரியம்.

வட ஆற்காடு வேண்டாம். எனக்கு அந்தப் பெயர் மேல் பாசம் உண்டு, எங்கள் வீட்டுப் பத்திரங்களில் எல்லாம் வட ஆற்காடு ஜில்லாதான். ஆனால் 1989-ல் அந்த மாவட்டம் திருவண்ணாமலை தனியாக, இது அம்பேத்கர் பெயரோடு தனியாக என்று பிரிந்தது, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது, அப்புறம் 2019. மாவட்டப் பெயரை நம்பி ஒரு ஆப்புக்குப் பெயர் வைத்தால் அரசாணை வரும்போதெல்லாம் நீங்கள் இந்தக் கேள்வியோடு இங்கே வர வேண்டியிருக்கும்.

பேரணாம்பட்டு அக்கா சொன்னதை மட்டும் லேசில் விடாதீர்கள். இந்தத் திரியில் மற்ற எல்லாமே சரி செய்யக்கூடிய வேலை. அந்தப் பெண்கள் நோட்டைத் திரும்ப எடுத்தால் அதை எந்த அப்டேட்டாலும் சரி செய்ய முடியாது.


கோட்டை_அகழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இந்தத் திரியைக் குழுவில் போட்டுப் பேசினோம்.

அக்கா, உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. சீட்டின் தலையில் ஆப்பின் பெயர் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேலை கொடுப்பது நீங்கள், காசு கொடுப்பது நீங்கள், கணக்குக்குப் பொறுப்பும் நீங்கள். அங்கே உங்கள் யூனிட்டின் பெயர்தான் பெரிதாக வர வேண்டும். அதனால் ஆப்பின் பெயரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பதிப்பு விடுகிறோம். அதில் மேலே யூனிட் பெயர், கீழே சின்ன எழுத்தில் வழக்கம்போல ‘வேலூர் கணக்கு’. ஜோடி, ரேட், பிடித்தம், பாக்கி வரிசையில் ஒரு புள்ளி கூட நகராது. இது பழகிய பிறகு கீழே இருக்கும் சின்ன எழுத்து மாறினால் கேள்வி வராது என்று நினைக்கிறோம். வராது என்பது சரியா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போலி ஆப் மேல் புகார் காலையிலேயே கொடுத்தாயிற்று. புதுப் பெயருக்கு ஊர், ஆறு, மாவட்டம் எதுவும் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துக்கொண்டோம், பதிவகத்தில் தேடிப் பார்க்காமல் எந்தப் பெயரையும் வெளியே சொல்லப் போவதில்லை. பதிவு எங்கள் குழுவில் இருவர் பெயரில் கூட்டாக, குழுவை விட்டு யார் போனாலும் பெயர் திட்டத்தோடு இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம்.

வேலப்பாடி ப்ரோ, ஒரு சந்தேகம். ப்ளே ஸ்டோர் தலைப்பில் புதுப் பெயருக்குப் பக்கத்தில் ‘முன்பு வேலூர் கணக்கு’ என்று போடலாமா?


வேலப்பாடி_டெபியன் எழுதியது:

போடலாம், போடத்தான் வேண்டும், பழைய பெயரில் தேடுகிறவர்கள் போலியிடம் போய் விழாமல் இருக்க அது ஒன்றுதான் வழி. ஆனால் தலைப்புக்கு 30 எழுத்துதான் அனுமதி, தமிழில் கொம்பு, புள்ளி, கால் எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். ‘முன்பு வேலூர் கணக்கு’ என்பதே இடைவெளியோடு 20 ஆகிவிடுகிறது. நடுவில் ஒரு கோடும் அதன் இரு பக்கமும் இடைவெளியும் போனால் புதுப் பெயருக்கு உங்களிடம் 7 மிச்சம். இதை முதலிலேயே மனதில் வைத்துப் பெயர் தேடுங்கள். இடம் போதாவிட்டால் ‘முன்பு’ என்பதை எடுத்துவிட்டு அதைக் குறு விவரத்தில் எழுதலாம், அங்கே 80 எழுத்து உண்டு. ஆப்பைத் திறந்ததும் ஒரு வருடமாவது பழைய பெயரும் பழைய ஐகானும் ஒரு மூலையில் தெரியட்டும்.


பேரணாம்பட்டு_யூனிட் எழுதியது:

யூனிட் பெயர் மேலே வருவது நல்லதுதான் தம்பி. எங்கள் ஆட்கள் அதைக் கேள்வி கேட்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். கீழே சின்ன எழுத்தை யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் மாற்றுவதற்கு முந்தின வாரம் சீட்டிலேயே ஒரு வரி அடித்துக் கொடுங்கள், ‘ஆப்பின் பெயர் மாறுகிறது, கணக்கு மாறவில்லை’ என்று. நான் வாயால் சொல்வதைவிட சீட்டு சொன்னால் நம்புவார்கள்.

இன்னும் ஒன்று. தீபாவளி போனஸ் கணக்கு முடிகிற வரைக்கும் எதையும் தொடாதீர்கள். அந்த நேரத்தில் அட்வான்ஸ், பாக்கி எல்லாம் குழம்பிக் கிடக்கும், ஆப் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் தாங்க முடியாது. என்னிடம் இருப்பது பழைய போன், அதில் வேலை செய்தால் எல்லா இடத்திலும் செய்யும்.


கோட்டை_அகழி எழுதியது:

சரிங்க அக்கா, தீபாவளி கழித்துத்தான். அந்த வரியும் சீட்டில் வரும், நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே. சோதனைப் பதிப்பை முதலில் உங்கள் போனில்தான் போடப் போகிறோம், பழைய பேக்கப் ஃபோல்டரைப் படிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நேரமாகச் சொல்லுங்கள், பிரின்டரையும் எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டுக்கே வந்துவிடுகிறோம்.